ஜெயகுமாரி கொடுத்த கூனிப்பொடி

சாந்தாமேரிக்குத் தன் ஓரகத்தி ஜெயகுமாரியின் மேல் பொறாமை வந்தது கையெல்லாம் புண்ணான பிறகு அல்ல. அதற்கும் ஏழெட்டு வருஷம் முன்பே வந்துவிட்டது. கொழுந்தன் சிங்கராயர் அவளை மலையடிவாரத்துக் குப்பனூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்து இறக்கிய அன்றைக்கே என்றுகூடச் சொல்லலாம். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெயகுமாரி பல் தந்தியடிக்க நடுங்கியபடியே, "ஏனுங்க்கா, இந்தக் குளுர்ல எப்படிங்க்கா குளிக்கிறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். சாந்தாமேரி அங்கே வாழ வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் பேச்சுக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

அவர்கள் இருந்தது வாழவந்திக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீடுகளில். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். மூன்றாவது வீட்டில் அண்ணன் மனுவேலும் சாந்தாமேரியும், ஏழாவது வீட்டில் தம்பி சிங்கராயரும் ஜெயகுமாரியும். மனுவேலுக்குக் காப்பிப் பழம் உரிக்கும் மிஷினில் வேலை. சாந்தாமேரிக்குக் கொட்டை பொறுக்கும் கொட்டகையில். அங்கே அவளுக்கென்று ஒரு நல்ல பெயர் இருந்தது. கருத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது என்று கெட்ட கொட்டைகளை அவள் விரல் தள்ளிக்கொண்டே போகும். கண் வேறெங்கோ இருக்கும். புதிதாக வருகிறவர்களை கணக்கெழுதும் ரைட்டர் சின்னசாமி அவள் எதிரில் உட்கார வைத்து, "அந்தம்மா வெரலப் பாத்துக் கத்துக்குங்க" என்பார். நீளமான, வழுவழுப்பான விரல்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம். பூசைக்குப் போனால் முக்காட்டைச் சரி செய்யும் சாக்கில் கையை நாலு பேர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்வாள்.

ஜெயகுமாரிக்கு மற்றதெல்லாம் இருந்தது. கல்யாணமான பத்தாம் மாதம் தேவகுமாரி பிறந்தாள். அடுத்தடுத்து இரண்டு பையன்கள். அதே வருஷங்களில் சாந்தாமேரிக்கு இரண்டு முறை தங்கி, இரண்டு முறையும் நான்காம் மாதத்தில் கலைந்துபோயிற்று. இரண்டு முறையும் ஜெயகுமாரிதான் வந்து வெந்நீர் வைத்தாள், துணி அலசினாள், கஞ்சி காய்ச்சி ஊற்றினாள். "அழுவாதீங்க்கா, அடுத்தது நிக்குமுங்க்கா" என்று தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. பிள்ளையை இடுக்கிக்கொண்டு வந்தா எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று சாந்தாமேரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாவது நின்றது. 1979 பொங்கல் சமயத்தில் வயிற்றில் ஐந்து மாதம். ஆனால் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை; சோற்றைக் கண்டாலே குமட்டியது. தாய் வீடு போய்த் திரும்பிய ஜெயகுமாரி ஒரு பாட்டில் நிறையக் கூனிப்பொடி கொண்டுவந்தாள். கூனி என்பது அரிசிக் குருணை அளவே இருக்கும் இறால் கருவாடு. மணல் போக அலசிக் காயவைத்து, பூண்டும் வரமிளகாயும் சேர்த்து வறுத்து இடித்திருந்தாள்.

"சுடுசோத்துல ஒரு கரண்டி போட்டுப் பெசஞ்சு பாருங்க்கா. வாய் தானா கேக்கும்."

வாய் கேட்கத்தான் செய்தது. சாந்தாமேரி பிறந்த மாரமங்கலத்து வீட்டில் கருவாட்டு வாசமே ஆகாது. அவள் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அதனால் அந்த ருசி அவளுக்குப் புதிது. காலையில் ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, சில நாள் வெறும் பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கிக்கொள்வாள். பாட்டில் தீர்ந்தால் வெட்கத்தை விட்டு ஏழாவது வீட்டுக்குப் போய்க் கேட்டாள். இவள் சமைத்தால் மட்டும் ஏன் இப்படி ருசிக்கிறது என்று அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது. தின்றுகொண்டே எரிச்சல்பட்டாள்.

ஆறாம் மாதம் விரல் இடுக்கில் கசகசா போலச் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கிளம்பின. அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. கல்சுவரில் தேய்த்தாள். கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. காய்ந்த இடம் தடித்து வெடித்தது. வெடிப்பில் ரத்தம் கோடு கோடாக நின்றது. பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் பார்த்த உடனேயே சொன்னாள்: "கரப்பான் புண்ணாட்டம் இருக்குது. கத்திரிக்கா, கம்பு, கருவாடு மூணையும் நிறுத்து."

சாந்தாமேரி கத்திரிக்காயை நிறுத்தினாள். கம்பங்கூழை நிறுத்தினாள். கருவாட்டையும் நிறுத்தியாயிற்று என்றுதான் சென்னம்மாளிடம் சொன்னாள். பாட்டிலில் இருந்ததை அவள் கருவாட்டில் சேர்க்கவில்லை. அது பொடி. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். ஒன்றும் ஆகவில்லை. கருவாடு நிறுத்தியும் ஆறவில்லை என்றால் இது வெறும் கரப்பான் அல்ல என்று சென்னம்மாள் தலையை ஆட்டினாள்.

மே மாதம் பையன் பிறந்தான். ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர். ஒன்பது வருஷம் காத்துப் பெற்ற பிள்ளை. அவனைத் தொடுவதற்குத்தான் கையில்லை. அவள் விரல் பட்டால் குழந்தையின் கன்னத்தில் சிவப்பாகக் கோடு விழுந்தது. முகத்தைச் சுளித்து வீறிட்டது. சோப்புத் தண்ணீர் பட்டால் அவளுக்கு மிளகாயில் கை வைத்தது மாதிரி எரிந்தது. அதனால் தினமும் காலை பத்து மணிக்கு ஜெயகுமாரி வந்தாள். முற்றத்தில் பலகை போட்டு இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்தாள். குண்டான, மெத்தென்ற உள்ளங்கைகள். மூக்கை நீவி, நெஞ்சை நீவி, தொடையைப் பிடித்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றினாள். பிள்ளை ஒரு சிணுங்கல் சிணுங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது.

சாந்தாமேரி வாசற்படியில் நின்று பார்த்தாள். கையில் பழைய வேட்டித்துணி சுற்றியிருந்தது.

"கைய அங்க வெக்காத, தல பத்தரம்" என்று வேண்டுமென்றே ஏதாவது குற்றம் சொல்வாள்.

"சரிங்க்கா" என்பாள் ஜெயகுமாரி. குளிப்பாட்டித் துவட்டிச் சாம்பிராணி காட்டி, பால் குடிக்க மட்டும் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போடுவாள். "நீங்க தொடாதீங்க்கா, நான் புடிச்சுக்கறன். கை சொரசொரன்னு இருக்குதில்லீங்களா, பயந்துக்குது."

அவள் வெள்ளை மனசோடுதான் சொன்னாள். அந்த வார்த்தை சாந்தாமேரிக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவளுக்குத் தெரியாது. மூன்று பெற்றவள், இதுவும் வேண்டுமோ என்று சாந்தாமேரி மனசுக்குள் கருவினாள். பால் ஊற வேண்டும் என்று ஜெயகுமாரி தினமும் பூண்டுக் குழம்பும் கூனிப்பொடியும் போட்டுச் சோறு கொண்டுவந்தாள். அதையும் தின்றுகொண்டேதான் கருவினாள்.

செப்டம்பரில் ஞானஸ்நானம். ஞானத்தாயாக யாரை வைப்பது என்று பேச்சு வந்தபோது மனுவேல் யோசிக்கவே இல்லை. "ஜெயாவையே வெச்சரலாம். வேற யாரு இவ்வளவு செஞ்சாங்க?"

கோயிலில் தொட்டி அருகே பிள்ளையை ஏந்தி நின்றது ஜெயகுமாரி. தலையில் தண்ணீர் விட்டபோது பிள்ளை அழாமல் அவள் தாலிச்சங்கிலியைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்துப் பங்குச் சாமியாரே சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் இலை போட்டார்கள். சாந்தாமேரி பிள்ளையைக் கேட்டு வாங்கினாள். அவள் கைக்கு வந்ததும் அது உடம்பை வில்லாக வளைத்துக் கத்தியது. "இங்க குடுங்க்கா" என்று ஜெயகுமாரி வாங்கித் தோளில் போட்டாள், வாயை மூடிக்கொண்டது. எல்லோரும், "பாரு, ஞானத்தாயத் தெரிஞ்சுக்கிச்சு" என்றார்கள். தோளில் பிள்ளையோடு ஜெயகுமாரி கூனிப்பொடிப் பாட்டிலை எடுத்து வந்து சாந்தாமேரியின் இலையில் கொட்டக் குனிந்தாள்.

"போடாதடி!"

பந்தி நின்றுவிட்டது.

"நீ போட்டதெல்லாம் போதும். இந்தப் பாட்டல் ஊட்டுக்குள்ள வந்த அடுத்த மாசத்துல இருந்துதான் எங் கை இப்படி ஆச்சு. சோத்துல மருந்து வெச்சு எங் கையக் கெடுத்துப் போட்டு, எம் புள்ளைய உன்னோடதாக்கிக்கிட்டே. ஒனக்கு மூணு பத்தலயாடி?"

மனுவேல் இலையிலிருந்து எழுந்துவிட்டான். "சாந்தா! உனக்கென்ன பைத்தியமா?"

ஜெயகுமாரி நிமிர்ந்தாள். பிள்ளையை மனுவேலிடம் கொடுத்தாள். பாட்டிலைச் சாய்த்து உள்ளங்கை நிறையப் பொடியைக் கொட்டி, வெறும் வாயில் போட்டு மென்றாள். பிறகு தன் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு ஆளுக்கொரு சிட்டிகை வாயில் வைத்தாள். சின்னவன் காரத்தில் கண் கலங்கி நின்றான்.

"போதுமுங்களா? இன்னும் திங்கோணுமுங்களா?" என்றாள். காரம் ஏறி இருமல் வந்தது. இருமிக்கொண்டே பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏழாவது வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு வரவில்லை.

மறுநாளிலிருந்து பிள்ளையைச் சாந்தாமேரியே குளிப்பாட்டினாள். கையில் துணி சுற்றிக்கொண்டு செய்தாள். இரண்டாம் நாள் நனைந்த துணி வழுக்கி, பிள்ளை சறுக்கித் தண்ணீர்ச் சட்டிக்குள் முகம் குப்புற விழுந்தது. ஒரு மூச்சு நேரம்தான். தூக்கி எடுத்தபோது மூக்கிலும் வாயிலும் தண்ணீர். அவள் போட்ட சத்தத்தில் சென்னம்மாள் ஓடி வந்தாள். ஏழாவது வீட்டு வாசலிலிருந்து ஜெயகுமாரியும் ஓடி வந்து, பாதி வழியில் நின்று, திரும்பிப் போனதைச் சாந்தாமேரி பார்த்தாள். அதற்கப்புறம் குளிப்பாட்டுவதற்குச் சென்னம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டாள்.

மூன்று வாரம் போனது. கை ஆறத் தொடங்கியது.

முதலில் நீர் நின்றது. பிறகு வெடிப்பு மூடி, உரிந்த இடத்தில் இளந்தோல் வந்தது. கையை விரித்துப் பார்த்தபோது சாந்தாமேரிக்குச் சந்தோஷத்தைவிட வெற்றிதான் முதலில் வந்தது. பைப்படிக்குப் போய்ச் சென்னம்மாளிடமும் மருதாயியிடமும் காட்டினாள். "பாத்தீங்களா? அவ சோறு நின்னுச்சு, எங் கை ஆறிப்போச்சு."

நம்பாமல் என்ன செய்வார்கள்? கண்ணெதிரே கை ஆறியிருந்தது. அன்றிலிருந்து ஜெயகுமாரி பைப்புக்கு வந்தால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். அவள் பிள்ளைகளோடு விளையாடப் போன பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டே வந்தவளுக்கு அந்த லைனே முதல் நாள் கொடுத்த சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது மாதிரி ஆயிற்று. வாசலில் உட்கார்ந்து சாந்தாமேரி அதைப் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் பிற்பாடு மறைக்கவில்லை.

நவம்பரில் பிள்ளைக்குத் தடுப்பூசி போட மிஷன் டிஸ்பென்சரிக்குப் போனாள். சேலத்திலிருந்து புதன்கிழமைகளில் ஒரு டாக்டரம்மா வருவார். பிள்ளையைப் பிடித்திருந்த கையில் ஆறிய தழும்புகளைப் பார்த்துவிட்டு, "இது எத்தனை நாளா?" என்று கேட்டார். சாந்தாமேரி மருந்து வைத்த கதையை முழுவதும் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் உண்டது, விட்டது, எப்போது வந்தது, எப்போது ஆறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"சாப்பிட்டா மூச்சு இழுத்துச்சா? உதடு, முகம் வீங்குச்சா?"

"இல்லீங்க. கை மட்டுந்தானுங்க."

"அப்படின்னா ஒண்ணு செய்ங்க. அந்தக் கூனிய நீங்களே கடையில வாங்குங்க. நீங்களே அலசி, நீங்களே சமைச்சு, ஒரே ஒரு நாள் கொஞ்சமா சாப்பிடுங்க. மூச்சு முட்டற மாதிரி இருந்தா உடனே இங்க ஓடி வந்துடணும். அடுத்த புதன்கிழமை கையக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கினாள். யார் கையும் படாமல் அலசி வறுத்துச் சாப்பிட்டாள். சாயங்காலம் வெளியே போய்த் திரும்பிய மனுவேல் மூக்கைச் சுருக்கினான்.

"கூனி வாசம் வருது. ஜெயா குடுத்துச்சா?"

இல்லை, நான் வாங்கினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவன் 'ஜெயா' என்று சொன்னதில் ஓர் ஆசை தெரிந்தது. சண்டை தீர்ந்துவிட்டதோ என்ற ஆசை. சாந்தாமேரியின் வாயிலிருந்து, "ஆமா" என்று வந்துவிட்டது.

விடிந்தபோது விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். மறுநாளைக்குள் உடைந்து வடிந்தது. அதுவரை ஜெயகுமாரியை விட்டுக்கொடுக்காமல் இருந்த மனுவேல் அந்தக் கையைப் பார்த்தான். நேராக ஏழாவது வீட்டுக்குப் போனான். அண்ணனும் தம்பியும் லைன் முழுக்கக் கேட்கச் சண்டை போட்டார்கள். "நான் ஒண்ணுமே குடுக்கலீங்க மாமா, சத்தியமா குடுக்கல" என்று ஜெயகுமாரி அழுதது மூன்றாவது வீட்டுக்குள் இருந்தவளுக்கும் கேட்டது. அவள் எழுந்து போகவில்லை.

புதன்கிழமை டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சந்தேகமே இல்லம்மா. யாரும் உங்களுக்கு ஒண்ணும் வெக்கல. நீங்களே வாங்கி நீங்களே சமைச்சதுதானே இது? இறால் வகை உங்க உடம்புக்கு ஒத்துக்காது. சிலருக்கு அப்படி. கூனி, இறால், நண்டு எதுவும் இனி வேண்டாம். கையால அலசக்கூடக் கூடாது. அதோட, இந்தத் தோல் இனிமேல் லேசுல புண்ணாகும். சோப்பு, குளிர், காப்பிப் பழச்சாறு எல்லாத்துக்கும் எரியும். தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டே இருங்க. முழுசா போயிடும்னு சொல்லமாட்டேன், பாத்துக்கிட்டா அடங்கியிருக்கும்."

களிம்பை வாங்கிக்கொண்டு நடந்தாள். இன்றைக்கே போய் ஜெயகுமாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தாள். லைனுக்குள் நுழையும்போது ஜெயகுமாரி வாசலில் உட்கார்ந்து தேவகுமாரிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சாந்தாமேரியின் தோளில் கிடந்த பிள்ளை அவளைப் பார்த்துவிட்டது. ஒன்றரை மாதம் தொடாத சித்தியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு துள்ளியது. சாந்தாமேரி அதன் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். களிம்பு கொடுத்தார்கள் என்று மட்டும் மனுவேலிடம் சொன்னாள்.

கிறிஸ்மஸ் வந்தது. காப்பிப் பழ அறுப்புக் காலம். எல்லோருக்கும் வேலை கழுத்து மட்டும் இருந்தாலும் அன்றைக்குப் பலகாரம் வீட்டுக்கு வீடு போகும். வருஷா வருஷம் ஜெயகுமாரி முறுக்கும் அச்சுமுறுக்கும் சுட்டுப் பன்னிரண்டு வீட்டுக்கும் கொடுப்பாள். அந்த வருஷமும் மத்தியானத்துக்கு மேல் தேவகுமாரி தட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஏழு வயசு. புதுப் பாவாடை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஒவ்வொரு வாசலிலிருந்தும் அதே தட்டோடு திரும்பினாள். மூன்றாவது வீட்டு வாசலில் மனுவேல் நின்றிருந்தான்.

"வேண்டாங் கண்ணு. எடுத்துட்டுப் போயிரு."

"பெரியப்பா, இது அம்மா சுட்டதில்லீங்க" என்றாள் பெண். "கடையில வாங்குன மிச்சருங்க. அம்மா தொடக்கூட இல்லீங்க. நாந்தான் பிரிச்சுத் தட்டுல கொட்டுனனுங்க."

உள்ளே அடுப்படியில் இருந்த சாந்தாமேரியின் காதில் அது விழுந்தது. அச்சுமுறுக்கில் யாரும் ஜெயகுமாரியை மிஞ்ச முடியாது. அவள் கடையில் மிச்சர் வாங்கி, தன் கை படாமல், பிள்ளையை விட்டுப் பிரிக்கச் சொல்லியிருக்கிறாள்.

சாந்தாமேரி எழுந்து வெளியே வந்தாள். தட்டிலிருந்து ஒரு கை மிச்சரை அள்ளி வாயில் போட்டாள். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தின் நடுவே போய் நின்று, சென்னம்மாள் வீட்டைப் பார்த்து, மருதாயி வீட்டைப் பார்த்து, கேட்காதவர்களுக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. மருந்துமில்ல, ஒண்ணுமில்ல. கூனி எனக்கு ஒத்துக்காது. டிஸ்பென்சரி டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. கடைசியா கை வெடிச்சுதே, அது நானே சந்தையில வாங்கிச் சமைச்சுத் தின்னது. ஜெயா குடுக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

மனுவேல் வாசலிலேயே நின்றான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஏழாவது வீட்டுக் கதவு திறந்தது. ஜெயகுமாரி வந்து நின்றாள்.

"டாக்டரம்மா எப்பச் சொன்னாங்க?"

"நவம்பர்ல."

"நவம்பர்லயா?" ஜெயகுமாரி விரல் மடக்கவில்லை, ஆனால் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. "அதுக்கப்புறமும் ஒண்ணர மாசமா எங்கூட ஒரு ஆளு பேசலீங்க்கா. நீங்க தெரிஞ்சுக்கிட்டே ஊட்டுக்குள்ள உக்காந்திருந்தீங்களா?"

"ஆமா."

"ஏனுங்க்கா?"

"எம் புள்ள உன்னயப் பாத்துத் தாவுது. எனக்குப் பொறுக்கல."

ஜெயகுமாரி முற்றத்துக்கு இறங்கி வந்தாள். மகளின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மனுவேல் அன்று ராத்திரி தம்பி வீட்டிலேயே இருந்தான். பொங்கல் வரைக்கும் சாந்தாமேரியோடு பேசவில்லை. அவள் சாமியாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். சாமியார் மன்னித்த மாதிரி ஜெயகுமாரி மன்னிக்கவில்லை. பைப்படியில் பெண்கள் மறுபடி அவளோடு சிரித்துப் பேசினார்கள். அவள் சாந்தாமேரியைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவாள். பிள்ளை தவழ்ந்து தவழ்ந்து ஏழாவது வீட்டுக்குப் போனால் தூக்கி ஒரு முத்தம் வைத்து, நான்காவது வீட்டு எல்லையில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவாள்.

எட்டு மாதம் அப்படிப் போயிற்று. மறு வருஷம் ஆகஸ்ட் மழையில், கூனி ஒரு துணுக்குத் தொடாமலே, சாந்தாமேரியின் கை மறுபடி வெடித்தது. குளிரும் ஈரமும்தான். யாரைக் குற்றம் சொல்லலாம் என்று மனசு தானாகத் தேடியது, ஒருவரும் அகப்படவில்லை. பைப்படியில் உதட்டைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து யாரோ தேங்காய் நாரைப் பிடுங்கினார்கள்.

"நகருங்க்கா."

ஜெயகுமாரி குந்தி உட்கார்ந்து பாத்திரங்களைத் தேய்த்தாள். முகம் சிடுசிடுவென்றுதான் இருந்தது. "எனக்கு இன்னும் கோவந்தான். போவாது. ஆனா இந்தக் கைய வெச்சுக்கிட்டு நீங்க படறதப் பாத்துட்டு உக்காந்திருக்க என்னால ஆவலீங்க்கா."

மறுநாள் ஒரு புது மண்சட்டியில் குழம்பு வந்தது. "சட்டி தனியா வெச்சிருக்கறனுங்க்கா. இதுல கூனி, இறால் எதும் படாது. கரண்டியும் தனி." சாந்தாமேரி வாங்கிச் சாப்பிட்டாள். கை ஆறியிருக்கும் நாட்களில் அவளே போய் அந்தச் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வருவாள்.

அதற்காகப் பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஸ்தனிஸ்லாஸ் இரண்டு வீட்டுக்கும் நடுவே வளர்ந்தான். ஏழாவது வீட்டில் கூனிக் குழம்பு வைக்கும் நாளில் அவனுக்கு மூக்கு முன்னால் போகும். தின்றுவிட்டு வாயெல்லாம் வாசத்தோடு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பான். "கிட்ட வராத, கை கழுவு, வாய் கழுவு" என்று அவள் பின்னால் நகர்வாள். அவன் சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவி வருவதற்குள் கட்டிக்கொள்ளும் ஆசை அவனுக்குப் போயிருக்கும். ஜெயகுமாரியிடம் அவன் எந்த நேரமும் அப்படியே போய் விழலாம். அந்த வித்தியாசம் சாந்தாமேரியை ஒவ்வொரு முறையும் குத்தியது. ஒரு நாள் வாய் விட்டே சொன்னாள்: "நீ குடுத்து வெச்சவடி. கழுவாமலே தொடறான்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டுமுங்க்கா? கருவாட்டு ஆசதான் அவனுக்கு. எம் மேலயா ஆச?" என்று ஜெயகுமாரி சிரித்தாள்.

கொட்டை பொறுக்கும் வேலைக்குச் சாந்தாமேரி திரும்பினாள். பழைய வேகம் வரவில்லை. அறுப்பு நாட்களில் பழம் பறிக்கப் போகாமல், பருத்தித் துணியில் தானே தைத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு கொட்டகையோடு நின்றுகொண்டாள். கல்யாணப் பந்திகளில் குழம்பில் என்ன விழுந்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் இலையில் உட்காருவாள். விருந்து வீட்டில் இதென்ன விசாரணை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கேட்காமல் தின்ற இரண்டு தடவையும் பதினைந்து நாள் அனுபவித்தாள். இரண்டு தடவையும் துணி துவைத்துப் போட்டது ஜெயகுமாரிதான்.

ஸ்தனிஸ்லாஸ் ஐ.டி.ஐ. படித்துச் சேலத்தில் ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தான். 1999 ஈஸ்டருக்கு முதல் முறையாகச் சொந்தச் சம்பளத்தில் இரண்டு சேலை எடுத்து வந்தான். அம்மாவுக்கு மாம்பழ மஞ்சள், சின்னம்மாவுக்கு அரக்கு. இரண்டும் ஒரே விலை, ஒரே துணி. சாந்தாமேரி இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஓரம், முந்தானை எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள்.

"அவளுக்கு எடுத்ததுதான் நல்லாருக்குது."

"அம்மா, ரெண்டும் ஒண்ணுதாம்மா!"

"ஒண்ணா? அரக்குக்கு எடுப்பு வேற. பாத்துத்தான் எடுத்திருக்கற."

பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயகுமாரி அரக்குச் சேலையை அவள் மடியிலேயே விட்டு, மஞ்சளைத் தான் எடுத்துக்கொண்டாள். "மாத்திக்கலாமுங்க்கா. எனக்கு எதுவானாலும் சரி."

சாந்தாமேரி வேண்டாம் என்று ஒரு வார்த்தை ஒப்புக்குக்கூடச் சொல்லவில்லை. வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் பூசைக்கு இரண்டு பேரும் புதுச்சேலை கட்டிக்கொண்டு ஒன்றாகத்தான் போனார்கள். பெண்கள் பக்கம் பாயில் முழந்தாளிட்டிருந்தபோது, சன்னல் வழியாக வந்த வெயில் ஜெயகுமாரியின் தோளில் விழுந்தது. சாந்தாமேரி ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த மஞ்சள், அவளுடைய மாநிறத்துக்கு, எவ்வளவு எடுப்பாக இருந்தது! திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவாள் என்றும் தெரியும். பாட்டு எழுந்தது. அவள் தன் அரக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள்.